நீ கேட்ட வக்கீல்

சங்கரா,

உன் கடிதம் திங்கட்கிழமை கைக்கு வந்தது. இன்று வெள்ளிக்கிழமை. இடையில் பதில் எழுத எத்தனை முறை உட்கார்ந்தேன் என்று எனக்கே தெரியாது. எல்லோரும் எழுதுகிற மாதிரி உன் நலம் கேட்டுத் தொடங்கக் கை வரவில்லை. நீ நலமாக இல்லை, நானும் இல்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. எழுந்தால் எங்கே போவதென்று தெரியாமல் வாசலுக்கும் அடுக்களைக்கும் நடக்கிறேன். மெயின் ரோட்டில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால், அது நீயல்ல என்று தெரிந்தும், கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுகிறேன். இன்று எப்படியும் முடித்துவிடுவது என்று அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நீளமாகத்தான் இருக்கும். நடுவில் உனக்குக் கோபம் வரும். வந்தாலும் கடைசிவரை படி.

நீ என்னிடம் கேட்டது ஒரே ஒரு காரியம். "தேவசகாயம் மாமாவைப் பார்த்துப் பேசு அம்மா. அப்பா கேஸை ஜெயித்துக் கொடுத்தவர் அவர். என் கேஸையும் அவர் எடுத்துக்கொண்டால் ஒரே நாளில் தள்ளுபடியாகிவிடும். வியாழக்கிழமை விசாரணை. அதற்குள் பேசி முடித்துவிடு. எங்கள் தோட்டத்து மானேஜர் இரண்டு சாட்சிகளை ஏற்பாடு செய்திருக்கிறார். தபால் பை தூக்கி ஓடுகிற அஞ்சல்காரன் கோலில் மணி இல்லாமல் வந்தான் என்று அவர்கள் சொல்வார்கள்." இப்படி எழுதியிருந்தாய். அந்த வியாழனுக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது. நேராகப் பார்த்தால் இதில் தப்பில்லை. மகனுக்கு ஒரு கஷ்டம், தாயார் போய் வக்கீலைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். நானும் அப்படித்தான் நினைத்து, அன்றைக்கே புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். செருப்பைப் போட்டுக்கொண்டபோதுதான் உன் முதல் கடிதம் நினைவுக்கு வந்தது. திரும்ப உள்ளே போய் அதைத் தேடி எடுத்தேன்.

நீ மறந்திருப்பாய். அஞ்சல்காரர்மேல் உன் வண்டி மோதிய மறுநாள், பென்சிலால் எழுதி, கீழே வந்த லாரிக்காரரிடம் கொடுத்தனுப்பினாயே, அந்தக் கடிதம். அதில் உன் கையெழுத்தில் இருக்கிறது: "கல்லாறு தாண்டி மலை ஏறும் வளைவு. மணிச்சத்தம் கேட்டது அம்மா. கேட்டும் பிரேக் போடவில்லை, அவர் ஒதுங்கிக்கொள்வார் என்று நினைத்துவிட்டேன்." திங்கட்கிழமை வந்த கடிதத்தில் மணியே இல்லை. முதல் கடிதத்தில் 'அவர்' என்று இருந்தவர் இரண்டாவதில் 'அவன்' ஆகிவிட்டார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்துவிட்டேன். பத்து நாளில் மணியைக் கழற்றியது யார்? மானேஜரா, நீயா? அன்றைக்கு நான் வக்கீல் வீட்டுக்குப் போகவில்லை.

இதற்கு நான்தான் காரணம் என்று தோன்றுகிறது. ஏனென்றால் உன் அப்பா கேஸைப் பற்றி உனக்கு நான் சொன்னது பாதிக் கதை. அதுவும் நல்ல பாதி. அப்பாவை மோட்டார் சைக்கிள் மோதியது, அவர் வலது கை போயிற்று, தேவசகாயம் என்று ஒரு வக்கீல் வந்து ஜெயித்துக் கொடுத்தார் என்று நீ சின்னப் பையனாக இருந்தபோதெல்லாம் சொல்லித் தூங்கவைத்திருக்கிறேன். அவர் நமக்கு இரண்டாவது வக்கீல் என்று சொன்னதில்லை. முதல் வக்கீலோடு நாங்கள் என்ன செய்தோம் என்பதைச் சொன்னதேயில்லை.

அப்போது உனக்கு எட்டு வயது. அப்பா ஆபீஸ் விட்டுக் கோட்டைக்குள்ளிருந்து நடந்தே வருவார். கரமனைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் இறக்கத்தில், பக்கத்தில் பெட்டி வைத்த மோட்டார் சைக்கிள் ஒன்று பின்னாலிருந்து வந்து இடித்தது. ஓட்டியவர் ஒரு பெரிய காண்டிராக்டரின் மாப்பிள்ளை. வேகமாக வந்தார், ஹாரன் அடிக்கவில்லை, நிற்கவும் இல்லை. இதெல்லாம் சத்தியம். எழுத்து வேலை பார்க்கிறவருக்கு வலது கை முழங்கைக்குக் கீழே விளங்காமல் போய்விட்டது. ஸ்ரீவராகத்திலிருந்து உன் அத்திம்பேர், அப்பாவின் அக்கா புருஷன், மறுநாளே வந்துவிட்டார். நல்ல மனிதர், ஆனால் எதிலும் பெரிய பெயர் இருந்தால்தான் அவருக்கு நம்பிக்கை. "ஊர்லயே பெரிய வக்கீலாப் பிடிக்கணும். அவர் கோர்ட்டுக்குள்ள நுழைஞ்சாலே எதிராளி பாதி செத்தான் கேட்டியோ" என்றார். எனக்கும் அது சரியாகப் பட்டது. எனக்கு அப்போது வேண்டியிருந்தது நியாயம்கூட அல்ல சங்கரா. அந்த மாப்பிள்ளை பயப்பட வேண்டும், அதுதான் வேண்டியிருந்தது.

அந்த வக்கீல் வீட்டில் இரண்டு மோட்டார் கார் நின்றிருந்தது. கூடத்தில் கட்சிக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நாங்களும் காலையில் போய் மத்தியானம்வரை உட்கார்ந்தோம். கூப்பிட்டபோது உள்ளே ஐந்து நிமிஷம்கூட இருந்திருக்க மாட்டோம். அப்பா கட்டுப்போட்ட கையோடு எதிரில் நிற்கிறார், அவர் அப்பாவை நிமிர்ந்து பார்க்கவில்லை. அப்பா பேச வாயெடுத்தார். வக்கீல் கையைக் காட்டி நிறுத்தி, "நடந்ததை அப்புறம் பார்த்துக்கலாம். நீர் ரோட்டு ஓரமாத்தான் நடந்தீர். கண்ணால் பார்த்த ஒருத்தர் வேணும். ஆளைக் கொண்டுவாங்கோ" என்றார். அவ்வளவுதான். வெளியே வந்ததும் அத்திம்பேர், "பார்த்தியா, அவருக்கு எல்லாம் விரல்நுனியில இருக்கு" என்று பூரித்துப்போனார். அப்பா மட்டும் எங்களுக்குப் பத்தடி பின்னால் நடந்து வந்தார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது சொன்னார்: "நான் ஓரமா நடக்கலையே. ஓரத்துல ஒரே சேறு. நடு ரோட்டுலன்னா நடந்தேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதை வாய் திறந்து யார்கிட்டயும் சொல்லிண்டிருக்காதேங்கோ" என்றேன்.

ஆளைக் கொண்டுவந்ததும் நான்தான். பாலத்துக்குப் பக்கத்தில் வெற்றிலைக்கடை வைத்திருந்தார் மாதவன் என்று ஒருவர். அப்பா தினமும் அவர் கடையில் நின்று இரண்டு வார்த்தை பேசாமல் வரமாட்டார். அன்றைக்கு அவர் எதையும் பார்க்கவில்லை. ஆனால் அப்பாமேல் உயிர். அவரை வரச் சொல்லி, இதே கூடத்தில் உட்காரவைத்து, நான் பாடம் சொல்லிக் கொடுத்தேன். அப்பா என்ன வேஷ்டி கட்டியிருந்தார், எந்தக் கையில் குடை இருந்தது, எந்தப் பக்கம் விழுந்தார் என்று ஒவ்வொன்றாக. ஒரு தடவை தப்பாகச் சொன்னால் மறுபடி சொல்லச் சொல்வேன். உனக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தது எப்படியோ அப்படி. அவர் பாவம், தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். "சாமிக்கு வேண்டியில்லே அம்மா, நான் பறஞ்சோளாம்" என்றார். சாமிக்காகத்தானே, சொல்லிவிடுகிறேன் என்று.

கோர்ட்டில் அவர் நான் சொல்லிக்கொடுத்தது அத்தனையும் பிசகாமல் சொன்னார். எதிர்தரப்பு வக்கீல் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். அன்றைக்குக் கடை திறந்திருந்ததா என்று. மாதவன் ஆமாம் என்றார். அன்றைக்கு அவர் தங்கை கல்யாணம், ஆற்றிங்கலில். கடை காலையிலிருந்தே பூட்டியிருந்தது. கல்யாணப் பத்திரிகையை எதிர்தரப்பு எடுத்து நீட்டியது. மாதவன் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கூண்டைப் பிடித்துக்கொண்டு எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டார். நம் பெரிய வக்கீல் காகிதக் கட்டைத் தூக்கிக் குமாஸ்தாவிடம் கொடுத்துவிட்டு அடுத்த கோர்ட்டில் கேஸ் இருக்கிறதென்று போய்விட்டார். கேஸ் தள்ளுபடி ஆயிற்று. மாஜிஸ்திரேட் மாதவனைச் சத்தம் போட்ட சத்தத்தில் என் காது இன்றைக்கும் கூசுகிறது. அடுத்த மாதம் அவர் கடையைக் காலி செய்துகொண்டு போனார். அவருடைய மனைவியைச் சாலைக் கடைத்தெருவில் ஒரு நாள் எதிரில் கண்டேன். அவள் ஒதுங்கிப் போனாள். தப்பு செய்தவள் நான், ஒதுங்கியவள் அவள்.

நினைத்துப் பார். உண்மை நம் பக்கம் இருந்தது. அந்த மாப்பிள்ளை வேகமாக வந்தது நிஜம், ஹாரன் அடிக்காதது நிஜம், நிற்காமல் போனது நிஜம். அத்தனை நிஜத்துக்கும் பக்கபலமாக ஒரு சின்னப் பொய்யை வைத்தோம். அந்தப் பொய் எல்லா நிஜத்தையும் இழுத்துக்கொண்டு விழுந்தது.

அதற்கப்புறம்தான் தேவசகாயம். நாகர்கோவில் பக்கத்துக்காரர், கிறிஸ்தவ வேதக்காரக் குடும்பம், அப்போதுதான் வஞ்சியூர்க் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் அறை எடுத்திருந்தார். அப்பாவின் ஆபீஸில் யாரோ சொன்னார்கள். அத்திம்பேருக்குத் துளியும் இஷ்டமில்லை. "நாலு நாற்காலி இல்லாத வக்கீலா?" என்றார். அவர் வரவில்லை. அப்பாவும் நானுமாகப் போனோம். அங்கே போனதும் தேவசகாயம் தன் நாற்காலியை அப்பாவுக்குப் போட்டுவிட்டுத் தான் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். அதனால் நான் மயங்கிவிடவில்லை. அதற்குள் எனக்கு எல்லா வக்கீல்மேலும் சந்தேகம். ஆனால் அவர் அப்பாவைப் பார்த்து, "முதல்ல இருந்து சொல்லுங்க, நான் குறுக்க பேசமாட்டேன்" என்றார். அப்பா ஒரு மணி நேரம் பேசினார். விபத்துக்கு அப்புறம் அவர் ஒரு மணி நேரம் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். முடிந்ததும் தேவசகாயம் ஒரு கேள்வி கேட்டார்.

"எதிராளி பக்கத்துல உள்ள நிஜம் என்ன? அதை எங்கிட்ட சொல்லிருங்க."

அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அப்பா சொன்னார், "நடு ரோட்டுல நடந்தேன். ஓரத்துல சேறு."

"நல்லது. அதை நாமளே முதல்ல சொல்லிருவோம். ஜெயிப்பமான்னு எனக்குத் தெரியாது. ஆனா அவங்க அதை எடுத்து நம்மளை அடிக்க முடியாது பாத்துக்கிடுங்க."

நஷ்டஈடு கேட்டு சிவில் கேஸ் போட்டோம். கேஸ் போடுவதற்கு முன்னால் அவர் மூன்று சாயங்காலம் அந்த இறக்கத்தில் போய், விபத்து நடந்த அதே நேரத்தில் நின்றார். யார் யார் தினமும் அந்த நேரத்துக்கு அந்த வழியாகப் போகிறார்கள் என்று பார்த்தார். மூன்றாம் நாள் ஒரு மீன்காரியைக் கண்டுபிடித்தார். அவள் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். நம் தெருவில் யாருக்கும் அவளைக் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. கூண்டில் ஏறி நின்று, எதிர்தரப்பு வக்கீல் மிரட்ட மிரட்ட, "நான் கண்டதைப் பறயாம் ஸாரே. காணாததைப் பறயமாட்டேன்" என்று ஒரே பிடியாக நின்றாள். அப்பாவிடம், "நீர் நடு ரோட்டில்தானே நடந்தீர்?" என்று பெரிய ஆயுதத்தை எடுப்பது போல அந்த வக்கீல் கேட்டார். அப்பா "ஆமாம், நடு ரோட்டில்தான்" என்றார். அவருக்கு அடுத்த கேள்வி வரவில்லை. நாம் ஜெயித்தது அந்த இடத்தில்தான். நீ நினைத்துக்கொண்டிருப்பது போல தேவசகாயம் சாமர்த்தியத்தால் ஜெயிக்கவில்லை.

அப்பா அதன்பிறகு நாலு வருஷம் இருந்தார். மாதவனைத் தேடிப் போகவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அழைத்துப் போகிறேன் என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். போகவில்லை.

இப்போது இந்த வாரத்துக்கு வருகிறேன். இடையில் எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இனிமேல் எழுதப்போவது உனக்குப் பிடிக்காது.

செவ்வாய்க்கிழமை தேவசகாயத்தைப் பார்க்கத்தான் பஸ் ஏறினேன். நீ இடித்தவரைச் சேர்த்திருக்கிற பெரிய ஆஸ்பத்திரிப் பக்கம் பஸ் நின்றபோது, என்ன நினைத்தேனோ, இறங்கிவிட்டேன். அஞ்சல் ஓட்டக்காரர் எங்கே என்று கேட்டால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பெயர் நாணு. நாற்பது வயது இருக்கும். கல்லாற்றிலிருந்து மேலே தோட்டம்வரை தபால் பையைத் தோளில் போட்டு, மணி கட்டின கோலைக் கையில் பிடித்து, பதினைந்து வருஷமாக ஓடுகிறவர். உனக்கு நான் போட்ட கடிதமெல்லாம் அவர் தோளில்தான் வந்திருக்கிறது. இடது காலில் முட்டிக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு ஒடிந்திருக்கிறது. காலைக் கட்டித் தூக்கி வைத்திருந்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் அவர் மனைவி கல்யாணி உட்கார்ந்திருந்தாள்.

என்னை யாரென்று கேட்டார்கள். பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் நாக்கு நுனிவரை வந்தது. "வண்டி ஓட்டினவனோட அம்மா" என்றேன். கல்யாணி எழுந்து நின்றாள். அடிக்கப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் என் பின்னால் எட்டிப் பார்த்து, "மகன் வந்நில்லையா?" என்று கேட்டாள். நீயும் கூட வந்திருப்பாய் என்று அவள் எதிர்பார்த்திருக்கிறாள். நாணு படுத்தபடியே, "ஸாருக்கு அடி பட்டதோ அம்மே? விழுந்து கிடக்கும்போது பார்த்தேன். ஸார் எழுந்து வண்டியைத்தான் நோக்கினார். அதனால் அறிஞ்சில்லை" என்றார். குத்திக்காட்டுகிற குரலில் சொல்லவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அந்த மோட்டார் சைக்கிளை நீ பட்டாளத்து ஏலத்தில் எடுத்து, முதல்முறை தெருவுக்குள் ஓட்டி வந்தபோது, நாலு வீட்டுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சிரித்துக்கொண்டு வாசலில் நின்றவள் நான். அந்தக் கட்டிலடியில் அது நினைவுக்கு வந்தது.

மணியைப் பற்றிக் கேட்டேன். அவருக்கு என் கேள்வியே புரியவில்லை. "ஓடினால் மணி கிலுங்கும் அம்மே. நான் நினைச்சாலும் நிறுத்த முடியாது" என்றார். ஓடுகிற கோலில் இருக்கிற மணி எப்படிச் சும்மா இருக்கும் என்று சிரித்தார். சிரித்ததில் கால் வலித்து முகம் சுளித்தார்.

அப்போது கல்யாணி மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள். தோட்டத்திலிருந்து ஒரு ஆள் முந்தின நாள் கொண்டுவந்து கொடுத்ததாம். ஆஸ்பத்திரி உதவிக்கான காகிதம், நாணு விரல் வைத்தால் போதும், மறுபடி வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிப் போனானாம். அவர்கள் இரண்டு பேருக்கும் வாசிக்கத் தெரியாது. "அம்மாவுக்கு மலையாளம் வாயிக்க அறியுமோ? இதிலே எந்தா எழுதியிருக்கு?" என்றாள். வார்டில் அத்தனை பேர் இருக்கிறார்கள். வேறு யாரையும் நம்பாமல் என்னிடம் கொடுத்தாள்.

வாசித்தேன். அன்றைக்குக் கோலில் மணி கட்டாமல் ஓடினேன், வண்டி வருவதைப் பார்த்தும் குறுக்கே வந்தேன், தப்பு என்னுடையது, யார்மேலும் எனக்குப் புகார் இல்லை என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. சங்கரா, உனக்குத் தெரிந்து இந்தக் காகிதம் வந்ததா என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று நீ சொன்னால் நம்புவேன். ஆனால் நீ அதை என் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த நேரத்தில் எனக்குள் நடந்ததையும் மறைக்கமாட்டேன். 'உதவிக்கான காகிதம்தான், விரல் வையுங்கோ' என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் கேஸ் அந்தக் கட்டிலிலேயே முடிந்திருக்கும். உன் உத்தியோகம் தப்பியிருக்கும். பங்குனியில் வைத்திருக்கிற உன் கல்யாணம் தடையில்லாமல் நடந்திருக்கும். யாருக்கும் தெரியவும் தெரியாது. காகிதத்தை முதலிலிருந்து இன்னொரு தடவை பார்த்தேன். எத்தனை நேரம் அப்படி நின்றேனோ, கல்யாணி, "என்ன அம்மே, மோசமான காரியமா?" என்று கேட்டுவிட்டாள். எழுதியிருந்ததை எழுதியிருந்தபடி, ஒரு வார்த்தை விடாமல் வாசித்தேன். வாசித்து முடித்துக் காகிதத்தை மடித்தேன். நாணு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு சுவரைப் பார்த்தபடியே கேட்டார்: "மணி இல்லாமல் ஓடினேன் என்று அஞ்சலாபீஸில் அறிஞ்சால் எனக்கு ஜோலி உண்டோ அம்மே?"

நான் கல்யாணியிடம், "என்னோட வா. ஒருத்தரைப் பார்த்துட்டு வரலாம்" என்றேன்.

நீ கேட்ட வக்கீலிடம்தான் போனேன் சங்கரா. நீ கேட்டதற்காகப் போகவில்லை. தேவசகாயத்துக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. அறையில் இப்போது நாலு நாற்காலி இருக்கிறது. என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்கம்மா, சங்கரன் காரியம் கேள்விப்பட்டேன்" என்றார். நீ எழுதினதைச் சொன்னேன். முதலில் வந்திருக்க வேண்டியவள் இவள் என்று கல்யாணியைக் காட்டினேன். காகிதத்தைக் கொடுத்தேன். அவர் இரண்டு முறை வாசித்தார். பிறகு என்னிடம் பேசாமல் கல்யாணியிடம், அப்பாவிடம் கேட்டது போலவே, முதலிலிருந்து சொல்லும்மா, குறுக்கே பேசமாட்டேன் என்று கேட்டுக்கொண்டார். அவள் மலையாளத்தில் சொன்னாள், அவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தார். மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்து நாணுவிடமும் பேசி அவருக்காக ஆஜராக வக்காலத்தில் கைநாட்டு வாங்கிக்கொண்டார். நேற்று அவரே கல்லாற்றுக்கு மேலே அந்த வளைவைப் பார்க்கப் போயிருக்கிறார். நீ தோட்டத்து ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

உன் முதல் கடிதத்தை அவரிடம் நான் காட்டவில்லை. அப்படி ஒன்று இருக்கிறது என்றும் சொல்லவில்லை. இதோ, இந்தக் கவரிலேயே அதை உனக்குத் திருப்பி அனுப்புகிறேன். அதை வைத்துக்கொள்வதோ கிழிப்பதோ உன் இஷ்டம். உன்னை உன் கையெழுத்தால் மாட்டிவைக்க எனக்கு மனசு வரவில்லை. இது சரியா தப்பா என்று நாலு நாளாக யோசித்தும் எனக்குத் தெளியவில்லை.

உனக்கு ஒரு வக்கீல் வேண்டும். வேண்டாமென்று நான் சொல்லவில்லை. மானேஜர் யாரையாவது சொன்னால் அவர் வேண்டாம். அவர் மானேஜரின் வக்கீல். நாளைக்குத் தோட்டமா நீயா என்று வந்தால் அவர் எந்தப் பக்கம் நிற்பார் என்று யோசி. எந்த வக்கீலிடம் போனாலும் அவர் உன்னைப் பேச விடுகிறாரா, இல்லை உனக்குப் பேச்சு எழுதிக் கொடுக்கிறாரா என்று பார். உனக்கு எதிராக இருக்கிற நிஜத்தை அவர் கேட்கவில்லையென்றால் எழுந்து வந்துவிடு. ஜெயித்துவிடலாம் என்று முதல் நாளே சொல்கிறவரிடம் உட்காராதே. தேவசகாயம் ஒரு பெயர் சொன்னார். தைக்காட்டில் இருக்கிறார், வயது குறைவு, பேச்சும் குறைவு. நீ மணிச்சத்தத்தை ஒத்துக்கொள்ளத் தயாராக இருந்தால் அதை எப்படிச் சொல்வது, எவ்வளவு தண்டனை வரும், எப்படிக் குறைக்கலாம் என்று அவர் சொல்லுவாராம். ஒத்துக்கொள்ளத் தயாரில்லை என்றால் அவர் உனக்குப் பிரயோஜனமில்லை.

அந்த இரண்டு சாட்சிகளும் யாரென்று எனக்குத் தெரியாது. தோட்டத்தில் கூலிவேலை செய்கிறவர்களாக இருக்கும். மானேஜர் சொன்னால் மாட்டேன் என்று சொல்ல முடியாதவர்கள். அவர்களை வரவேண்டாம் என்று சொல்ல உன்னால்தான் முடியும். நான் ஒருத்தரைக் கூண்டில் அழவைத்திருக்கிறேன். நீ இரண்டு பேரை அழவைக்காதே.

இன்று காலை மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனேன். நாணுவின் காலை எடுக்க வேண்டிவரலாம் என்று பயந்துகொண்டிருந்தார்கள். எடுக்க வேண்டாம், எலும்பு கூடிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நடக்கலாம், ஆனால் இனி ஓட முடியாது என்றார். கல்யாணி முதல் பாதியைக் கேட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். நாணு இரண்டாவது பாதியைக் கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

தேவசகாயத்தையும் அங்கேயே பார்த்தேன். வராந்தாவில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அம்மா, நஷ்டஈட்டுக் கேஸ் வந்தா உங்க மகனைக் கூண்டுல ஏத்தி நான்தான் கேள்வி கேக்கணும். விட்டுக்கொடுத்துக் கேக்க எனக்குத் தெரியாது. இப்பவே சொல்லிருங்க, நான் இதுல இருந்து விலகிக்கிடுதேன். வேற ஆளைப் பாத்துத் தாரேன்."

 வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டேன். உன்னைப் பெற்றவள் அல்லவா? விலகிக்கொள்ளுங்கோ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"நீங்களே கேளுங்கோ. அவனுக்குப் பதில் சொல்லத் தெரியும்" என்றேன்.

தெரியுமா சங்கரா?

விசாரணைக்கு முந்தின நாள், புதன்கிழமை மத்தியான பஸ்ஸுக்கு வா. வீட்டுக்கு வராதே, நேரே ஆஸ்பத்திரிக்கு வா. இரண்டாவது வார்டு, ஜன்னல் பக்கத்துக் கட்டில். நான் அங்கே இருப்பேன். நாணு உன்னிடம் அடி பட்டதா என்று கேட்பார். அதற்கு முன்னால் நீ அவரைக் கேட்டுவிடு.

அம்மா